சி.ஜி.பி.ஏ. 6.41, அரியர் ஹிஸ்டரி ரெண்டு. கன்சல்டிங் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுட்டாங்க. இனிமே மார்க்கைப் பார்ப்பாங்களா?

கெடிலக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்). பாண்டிச்சேரியில ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல மெக்கானிக்கல், ஃபைனல் இயர். தினமும் பஸ்ல போய்ட்டு வர்ற டே ஸ்காலர். சி.ஜி.பி.ஏ. 6.41. மூணாவது செமஸ்டர்ல மேத்ஸ், நாலாவதுல வெப்பம், குளிரூட்டல் பத்தின தெர்மோ, ரெண்டும் அரியர் விழுந்து அப்புறம் க்ளியர் பண்ணது. இப்ப ஸ்டாண்டிங் அரியர் எதுவும் இல்ல. பத்தாவது, பன்னிரண்டாவதுல மார்க் நல்லாவே இருக்கும்.

எங்க காலேஜுக்கு கன்சல்டிங் கம்பெனி எதுவும் வராது. வர்றது ஐ.டி. சர்வீஸ் கம்பெனிங்கதான். அதுலயும் பல பேர் "60 பர்சன்ட் த்ரூஅவுட், அரியர் ஹிஸ்டரி இருக்கக் கூடாது"ன்னு நோட்டீஸ் போர்டுலயே ஒட்டிடுறாங்க. அதனால நான் எதிர்பார்க்கவே இல்ல. சீனியர் அண்ணன் ஒருத்தர் சென்னையில ஒரு கன்சல்டிங் கம்பெனியில இருக்கார். அவர் ரெஃபரல் போட்டார். ஆன்லைன் டெஸ்ட் வச்சாங்க, எழுதினேன். போன வாரம் மெயில் வந்துச்சு. முதல் ரவுண்டு, வீடியோ கால்ல ரெண்டு இன்டர்வியூ, ரெண்டுலயும் கேஸ் (ஒரு கம்பெனியோட பிரச்சினையைக் குடுத்து எப்படித் தீர்ப்பேன்னு கேக்கிறது) இருக்கும்னு போட்டிருக்காங்க. இன்னும் மூணு வாரம் இருக்கு.

கூப்பிட்டதோட மார்க் விவகாரம் முடிஞ்சுதா, இல்ல உள்ள போனப்புறமும் அதைத் தோண்டுவாங்களா? கேட்டா என்ன சொல்றது? கிளாஸ்ல ஒருத்தன் "அந்த வருஷம் டெங்கு வந்துச்சுன்னு சொல்லிடு, யாரு செக் பண்ணப் போறா"ங்கிறான்.

வீட்ல அப்பாவுக்கு இந்த வேலை என்னன்னு புரிய வைக்கிறதே பெரும்பாடாப் போச்சு. "தொழில் நடத்துறவனுக்கு யோசனை சொல்ல 21 வயசுப் பையனுக்குச் சம்பளமா"ன்னு கேட்டார். நான் பேச்சை மாத்திட்டேன்.

வில்லியனூர் வேகம்:

கூப்பிட்டுட்டாங்கல்ல, அப்புறம் என்ன தம்பி? மார்க்குக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லன்னு கூகுளோட ஹெச்.ஆர். தலைவரே 2013ல பேட்டி குடுத்துட்டார். போய் கேஸை நொறுக்கு. மார்க்‌ஷீட்டை பீரோவுல வச்சுப் பூட்டு.

பண்ருட்டி ரோடு:

வேகம் சார், அந்தப் பேட்டியை எல்லாரும் பாதியோட நிறுத்திடுறாங்க. பேசினவர் லாஸ்லோ பாக். மார்க்கை வச்சு ஆள் எடுக்குறதுல பிரயோஜனம் இல்லன்னு சொன்னவர், காலேஜ் முடிச்ச கையோட வர்றவங்க விஷயத்துல மட்டும் லேசா ஒரு தொடர்பு இருக்குன்னும் அங்கேயே சொன்னார். நம்ம தம்பி அந்தக் கூட்டத்துலதான் வர்றார்.

இன்னொண்ணும் அடிக்கடி ஃபார்வர்டு ஆகும். பிரிட்டன்ல இ.ஒய்.ங்கிற ஆடிட், கன்சல்டிங் கம்பெனி, டிகிரியில இன்ன கிளாஸ் வாங்கியிருக்கணும்ங்கிற கட்டாயத்தை 2015லயே எடுத்துட்டாங்க, அதே மாதிரி கம்பெனியான பி.டபிள்யூ.சி. 2022ல எடுத்தாங்க. ரெண்டும் உண்மைதான், ஆனா அது பிரிட்டன் ஆபீஸ் எடுத்த முடிவு. அதைப் படிச்சுட்டு இங்க கட்-ஆஃப் கிடையாதுன்னு யாரும் நினைச்சுக்க வேண்டாம்.

நான் ஹெச்.ஆர். ஆபரேஷன்ஸ்ல இருக்கேன். ஆஃபர் குடுத்த அப்புறம் நடக்கிற பேக்கிரவுண்டு வெரிஃபிகேஷன் எங்க டீம் வழியாத்தான் போகும். அந்த அனுபவத்துல சில விஷயம் சொல்றேன். 6.41ஐ எந்த ஃபார்ம்லயும் 6.5ன்னு போடாதீங்க. பர்சன்டேஜ் கேட்டா உங்க யுனிவர்சிட்டி குடுத்திருக்கிற ஃபார்முலாவுல மட்டும் மாத்துங்க, நெட்ல கிடைக்கிற கால்குலேட்டர்ல வேண்டாம். "எப்பவாவது அரியர் இருந்ததா"ன்னு கேட்டா ஆமான்னு டிக் பண்ணுங்க. ஒவ்வொரு செமஸ்டர் மார்க்‌ஷீட்டும் எங்க கைக்கு வரும், எத்தனாவது அட்டெம்ப்ட்ல பாஸ்ங்கிறது அதுலயே தெரிஞ்சிடும். கம்மி மார்க்குனால ஆஃபர் போனதை நான் பார்த்ததே இல்ல. ஃபார்ம்ல ஒண்ணு, மார்க்‌ஷீட்ல ஒண்ணுன்னு இருந்து போனதைப் பார்த்திருக்கேன்.

ஆஃபர் லெட்டர்ல "டிகிரியை அரியர் இல்லாம முடிக்கணும்"னு ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். கடைசி செமஸ்டர் இன்னும் பாக்கி இருக்குங்கிறதை மறந்துடாதீங்க.

லாஸ்பேட்டை அக்கா:

தம்பி, நான் சென்னையில ஒரு கன்சல்டிங் கம்பெனியில ரொம்ப வருஷம் இருந்தவ. எந்தக் கம்பெனின்னு கேக்காத. மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்து நிறைய இன்டர்வியூ எடுத்திருக்கேன். இப்ப பாண்டிக்கே வந்து, ஒயிட் டவுன்ல சின்னச் சின்ன கெஸ்ட் ஹவுஸ் நடத்துறவங்களுக்கு ரூம் ரேட்டும் கணக்கு வழக்கும் பார்த்துக் குடுத்துட்டிருக்கேன். உங்க அப்பா கேட்ட கேள்விக்கு எனக்கே இன்னும் சரியான பதில் கிடைக்கல.

மார்க் ரொம்ப வேலை செய்யுற இடம் முதல் சல்லடை. ஒரு ஆள் முன்னாடி ரெஸ்யூமே மலையாக் குவிஞ்சு கிடக்கும். ஒவ்வொண்ணையும் உக்காந்து படிக்க யாருக்கும் நேரம் கிடையாது, சி.ஜி.பி.ஏ.வைப் பார்த்துத் தள்ளுறது சுலபம். ஐ.ஐ.எம்.ல கூட கன்சல்டிங் ஷார்ட்லிஸ்ட்டுக்குப் பத்தாவது மார்க் வரைக்கும் பார்ப்பாங்க. நீ ரெஃபரல்ல அந்த இடத்தைத் தாண்டிட்ட. பாவம் பையன்னு யாரும் உன்னைக் கூப்பிடல. இன்டர்வியூ எடுக்கிறவங்களோட ஒரு மணி நேரம் கிளையன்ட்டுக்கு பில் போடற நேரம், அதை தர்மத்துக்குக் குடுக்க மாட்டாங்க. அதோட, ஆன்லைன் டெஸ்ட்ல நீ எடுத்த ஸ்கோர் அவங்க கையில இருக்கு. உன் ரெண்டாவது வருஷ மார்க்கைவிட அவங்களே வச்ச டெஸ்ட்டைத்தான் அவங்க அதிகம் நம்புவாங்க.

உள்ள போனப்புறம் நாங்க நிரப்புற ஃபார்ம் ஒண்ணு இருக்கும். கேள்வியை எப்படிப் பிரிச்சான், கணக்கு எப்படிப் போட்டான், கணக்குல இருந்து என்ன புரிஞ்சுக்கிட்டான், எப்படிப் பேசினான். இந்த மாதிரி தலைப்புக்குக் கீழ மதிப்பெண் போடணும். காலேஜ் மார்க்குக்குன்னு அதுல கட்டமே கிடையாது. பல பேர் உன் ரெஸ்யூமேவைத் திறக்கிறதே வீடியோ கால்ல சேர்றதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடிதான்.

இதோட நிறுத்திட்டா வேகம் சொன்னதுதான் சரின்னு ஆயிடும். ஆனா இன்டர்வியூ முடிஞ்சப்புறம் நாங்க உக்காந்து பேசுற கூட்டம் ஒண்ணு இருக்கு. நான் இருந்த அப்படி ஒரு கூட்டத்துல நடந்ததைச் சொல்றேன். ஒரே நாள், ஒரே கேஸ், ரெண்டு பசங்க. ரெண்டு பேருமே 240 மில்லியன் ரூபாயை 2.4 கோடின்னு எடுத்துட்டாங்க. 24 கோடி வரணும். முதல் பையனோட பாயின்ட்டர், அதாவது சி.ஜி.பி.ஏ., ஒன்பதுக்கு மேல. அவனைப் பத்திப் பேசுறப்போ "டென்ஷன்ல நழுவிடுச்சு, பரவாயில்ல"ன்னு ஒருத்தர் சொன்னார், மத்தவங்களும் தலையாட்டினாங்க. அடுத்தவன் ஆறு சொச்சம். அவன் பேர் வந்ததும் அதே ஆள் ரெஸ்யூமேவைப் புரட்டிப் பார்த்துட்டு "கணக்குல இவன் எப்பவுமே வீக் போல"ன்னார். அவ்வளவுதான். முதல் பையன் அடுத்த ரவுண்டுக்குப் போனான். நியாயமான்னு கேட்டா, இல்ல. அன்னைக்கு நான் ரெண்டு வார்த்தை பேசிப் பார்த்தேன், எடுபடல.

அதனால நான் சொல்றது இதுதான். கம்மி மார்க் உன்னைத் தோக்கடிக்காது, ஆனா சந்தேகத்தின் பலன் உனக்குக் கிடைக்காது. தப்பு யாருக்கும் வரும். ஒன்பது பாயின்ட்டர் தப்புப் பண்ணா அது அன்னைக்கு ஒரு நாள் தப்பு. நீ பண்ணா அது உன் பழக்கம்னு எடுத்துப்பாங்க. முக்கியமா கணக்குல. மேத்ஸ்ல அரியர் வேற வச்சிருக்க.

இந்த மூணு வாரத்துல புதுசு புதுசா கேஸ் ஃப்ரேம்வொர்க் (கேஸைப் பிரிச்சு அலசுற ரெடிமேட் சட்டகம்) மனப்பாடம் பண்ணிட்டு இருக்காத. பாதி நேரத்தைக் கணக்குக்குக் குடு. பத்து லட்சம் ஒரு மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன், இது தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரணும். 3.4 கோடியில 17 சதவீதம் எவ்வளவு? 57.8 லட்சம். இதைப் பேப்பர் இல்லாம, வாய்விட்டுச் சொல்லிப் பழகு. கடலூர் பஸ்ல ஒரு மணி நேரம் சும்மாதானே உக்காந்திருக்க? பக்கத்துல இருக்கிறவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். வீடியோ கால்ல நீ பேப்பர்ல போடுற கணக்கு அவங்களுக்குத் தெரியாது. என்ன பெருக்குற, எதால வகுக்குறன்னு சொல்லிக்கிட்டே போடு. விடை வந்ததும் "இது நம்புற மாதிரி இருக்கா"ன்னு நீயே ஒரு தடவை சத்தமாக் கேட்டுக்க. தப்பை நீயே பிடிச்சுட்டா ஃபார்ம்ல அது தப்பா வராது.

டெங்கு கதை வேண்டவே வேண்டாம். ஒரு பையன் எங்ககிட்ட ஒரு செமஸ்டர் முழுக்கப் படுத்த படுக்கைன்னு சொன்னான். அதே ரெஸ்யூமேல, அதே செமஸ்டர்ல, காலேஜ் ஃபுட்பால் டீம் கேப்டன்னு போட்டிருந்தான். நாங்க எதுவும் கேக்கல, எழுதிக்கிட்டோம். கன்சல்டிங் இன்டர்வியூவுல கேஸ் தவிர உன் அனுபவத்தைக் கேக்கிற பகுதியும் வரும். மெக்கின்சிங்கிற பெரிய கன்சல்டிங் கம்பெனியில அதுக்குப் பேரே பர்சனல் எக்ஸ்பீரியன்ஸ் இன்டர்வியூ. ஒரே சம்பவத்தைப் பிடிச்சுக்கிட்டு "அப்புறம் நீ என்ன பண்ண, அவர் என்ன சொன்னார், நீ ஏன் அப்படி முடிவெடுத்த"ன்னு போய்க்கிட்டே இருப்பாங்க. கட்டுக்கதை மூணாவது கேள்வியில தடுமாறும்.

மார்க்கைப் பத்தி நீயா ஆரம்பிக்காத. கேட்டா மூணு வாக்கியம் போதும். என்ன நடந்தது, அப்புறம் என்ன மாத்தின, அதுக்கு மார்க்‌ஷீட்ல என்ன சாட்சி. சொல்லிட்டு வாயை மூடிக்க. நம்ம பசங்க அங்கதான் கெடுத்துக்குவாங்க, எதிர்ல இருக்கிறவர் ரெண்டு விநாடி பேசலைன்னா மறுபடியும் மன்னிப்புக் கேக்க ஆரம்பிச்சுடுவாங்க.

சரி, ரெண்டாவது வருஷம் உண்மையிலயே என்னதான் நடந்துச்சு?

கெடிலக்கரை:

ரொம்ப நன்றிக்கா. சொன்னா சிரிக்கக் கூடாது. எங்க சித்தப்பாவுக்கு துறைமுகம் பக்கத்துல ஐஸ் ஃபேக்டரி இருக்கு. ரெண்டாவது வருஷம் அங்க இருந்த ஆபரேட்டர் வேலையை விட்டு நின்னுட்டார். ஆள் கிடைக்கிற வரைக்கும்னு நான் நைட்டுல போய் உக்காந்தேன். ரெண்டு செமஸ்டர் அப்படியே ஓடிடுச்சு. விடியற்காலையில மீன்பிடி போட்டுக்கு ஐஸ் ஏத்தி விட்டுட்டு அப்படியே பஸ் ஏறி காலேஜ் போவேன். கிளாஸ்ல தூங்கினதுதான் ஜாஸ்தி. ஆள் வந்தப்புறம் விட்டுட்டேன். அஞ்சாவது செமஸ்டர்ல இருந்து ஏழுக்கு மேலதான் எடுக்குறேன்.

இன்டர்வியூவுக்கு இப்படி எழுதி வச்சிருக்கேன்: "குடும்பச் சூழ்நிலை காரணமாக என்னால் படிப்பில் முழுக் கவனம் செலுத்த இயலவில்லை." சரியா இருக்குமா? ஐஸ் ஃபேக்டரின்னு சொன்னா அந்த மாதிரி இடத்துல மதிப்பாங்களான்னு தயக்கமா இருக்கு.

லாஸ்பேட்டை அக்கா:

சிரிச்சேன் தம்பி, ஆனா நீ நினைக்கிற காரணத்துக்கு இல்ல. தெர்மோல அரியர் வச்சவன் ராத்திரி பூரா அமோனியா கம்ப்ரஸரை ஓட்டிட்டு இருந்திருக்க! கேட்டா இதை நீயே முதல்ல சொல்லிச் சிரிச்சுடு.

"குடும்பச் சூழ்நிலை"யைக் கிழிச்சுப் போடு. அதை ஆயிரம் பேர் சொல்லிட்டாங்க, கேக்கிறவங்களுக்கு எதுவுமே கண்ணுல தெரியாது. ஐஸ் ஃபேக்டரின்னே சொல்லு. ஆனா வேலை பார்த்தேன், அதனால மார்க் போச்சுன்னு மட்டும் சொன்னா அது சாக்கு. வேலையும் பார்த்து எட்டு பாயின்ட்டரும் வச்சிருக்கிற பசங்க இருக்காங்க. அங்க நீ உக்காந்திருந்ததுனால என்ன மாறுச்சு? ஏதாவது ஒண்ணு மாத்தினியா?

கெடிலக்கரை:

பெருசா ஒண்ணும் இல்லக்கா. கரண்ட் பில் விஷயம் மட்டும். எச்.டி. (உயர் அழுத்த) கனெக்‌ஷன், காலையும் சாயங்காலமும் பீக் அவர்ல யூனிட்டுக்கு ரேட் கூட. முன்ன இருந்தவர் எப்பவும் ஒரே மாதிரி ஓட்டிட்டு இருந்தார். ஐஸ் பார் உறையுற டேங்க்ல உப்புத் தண்ணி நிறைய இருக்கும், நல்லா குளிர்ந்துட்டா கம்ப்ரஸரைக் கொஞ்ச நேரம் நிறுத்தினாலும் டக்குனு சூடேறாது. நைட்டுல நல்லா இறக்கி வச்சுட்டு, சாயங்காலம் பீக் அவர்ல கம்ப்ரஸரைக் குறைச்சேன். கேன்ல தண்ணி ஊத்துற நேரத்தையும் அதுக்கு ஏத்த மாதிரி மாத்தணும், இல்லன்னா பார் நடுவுல உறையாம பொக்கையா வரும். சித்தப்பா முதல்ல ஒத்துக்கவே இல்ல. "போட்டுக்காரன் வந்து நிக்கிறப்போ பார் ரெடியா இல்லன்னா அடுத்த நாள் பக்கத்து ஃபேக்டரிக்குப் போயிடுவான்"னார். மீன்பிடி தடைக்காலத்துல கூட்டம் இல்லாதப்போ செஞ்சு காட்டினேன், அப்புறம் சரின்னார். பில் குறைஞ்சுது.

லாஸ்பேட்டை அக்கா:

இதையா பெருசா ஒண்ணும் இல்லங்கிற? ஒரு செலவு ஏன் கூடுதுன்னு கண்டுபிடிச்சு, ஒத்துக்காத முதலாளியை ஒத்துக்க வச்சு, நஷ்டம் வராத நேரமாப் பார்த்துச் சோதனை பண்ணியிருக்க. எங்க கம்பெனியில இதுக்கு மூணு பேரை அனுப்பி முப்பது ஸ்லைடு போட்டிருப்போம். உங்க அப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தா இதையே சொல்லு.

"பில் குறைஞ்சுது"ன்னு மட்டும் சொன்னா அடுத்த கேள்வி "எவ்வளவு"தான். பழைய பில்லை எடு, மாத்துறதுக்கு முன்னாடி, மாத்தினதுக்கு அப்புறம். தடைக்கால மாசத்தோட மத்த மாசத்தை ஒப்பிடாத, விக்கிறதே கம்மி. ஒரு பாருக்கு எவ்வளவு கரண்ட் செலவுன்னு கணக்குப் பண்ணிச் சொல்லு.

இப்ப இங்கேயே ஒரு கெஸ்டிமேட், அதாவது தெரிஞ்சதை வச்சு ஒரு உத்தேசக் கணக்கு, போடு. கடலூர் துறைமுகத்துல ஒரு வருஷத்துக்கு எத்தனை ஐஸ் பார் விக்கும்? நெட்ல தேடாத.

கெடிலக்கரை:

ஒரு நாளைக்குக் கிளம்புற விசைப்படகு 50ன்னு வச்சுக்கிறேன். ஒரு படகுக்கு சராசரி 60 பார். 50 பெருக்கல் 60, 3,000 பார். வருஷத்துக்கு 365 நாள். 10,95,000. ரவுண்டா 11 லட்சம் பார்.

லாஸ்பேட்டை அக்கா:

பெருக்கல் சரி. 365 எங்க இருந்து வந்துச்சு? தடைக்காலத்துல கூட்டம் இல்லன்னு நீயே மேல எழுதியிருக்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மிச்சம் 304. ஐப்பசி, கார்த்திகையில புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்துற நாளு, போட்டு ரிப்பேர் நாளு எல்லாம் சேர்த்து ஒரு 29ன்னு வை. 275. 3,000 பெருக்கல் 275, 8.25 லட்சம். நீ சொன்னதுல கால்வாசி காணாமப் போச்சு. துறைமுகத்துலயே ராத்திரி ராத்திரியா உக்காந்தவன் இதை விட்டா, அந்த 6.41 உடனே ஞாபகத்துக்கு வரும்.

இன்னொரு பக்கத்தை நீ தொடவே இல்ல. படகுல ஏத்துற ஐஸ் ஒண்ணு, கரையில இறங்குற மீனைப் பெட்டியில அடுக்கி லாரியில அனுப்புறதுக்குப் போடுற ஐஸ் இன்னொண்ணு. நாட்டுப் படகுக்குத் தடை கிடையாது, அந்த 61 நாள்லயும் கொஞ்சம் விக்கும். முதல்ல இப்படி ரெண்டு மூணாப் பிரிச்சுச் சொல்லிட்டு, அப்புறம் எண்ணுக்குப் போ.

நெய்வேலி வட்டம் 21:

நடுவுல வர்றேன். எனக்கு 8.9. போன வருஷம் இதே மாதிரி ஒரு கம்பெனியில முதல் ரவுண்டுல கேஸ்ல ஊத்திக்கிச்சு. லாபம் ஏன் குறையுதுன்னு கேட்டாங்க, நான் மனப்பாடம் பண்ண ஃப்ரேம்வொர்க்கை ஒப்பிச்சேன். மார்க்கைப் பத்தி ஒரு கேள்வி கூட வரல. அக்கா, எனக்கும் பயிற்சிக்கு ஒரு மாக் கேஸ் கிடைக்குமா?

வில்லியனூர் வேகம்:

சரி, என் முதல் கமெண்ட்டை யாரும் ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீங்க. அக்கா, 8.25 லட்சம் பார்ல கரையில போடுற ஐஸும் சேர்ந்தா எவ்வளவு ஆகும்?

லாஸ்பேட்டை அக்கா:

வேகம், அதை நீங்களே போடுங்க. நெய்வேலி, நீயும் வா.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு வச்சுக்கலாம். லிங்க் தனியா அனுப்புறேன். கேமரா ஆன்ல இருக்கணும், கால்குலேட்டர் கூடாது. ஒருத்தர் போடுறப்போ மத்தவங்க தப்புப் பிடிக்கணும். தம்பி, நீ முதல்ல.

கெடிலக்கரை:

சரிங்கக்கா, வந்துடுறேன். பழைய கரண்ட் பில் சித்தப்பாகிட்ட கேட்டேன். கொஞ்சம் ஆடிட்டர்கிட்ட இருக்காம், மிச்சம் பரண் மேல இருக்காம். நாளைக்குப் போய்த் தேடணும்.